ஊரில் ஒரு வாரக் கலைப் பயிற்சி விழா: நடத்துவது எப்படி, ஊருக்கு என்ன கிடைத்தது என்று கணக்குக் காட்டுவது எப்படி

வில்லுப்பாட்டு அழிகிறது, களியல் என்ற கம்பாட்டம் அழிகிறது என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். பேசி முடித்ததும் கலைஞருக்கு ஒரு பொன்னாடை போர்த்தி, அரை மணி நேரம் பாடவிட்டு, வண்டிக்கூலிக்கு ஏதோ கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அவருக்குப் பிறகு அந்த வில்லை யார் எடுப்பார் என்ற கேள்வி மட்டும் அப்படியே கிடக்கிறது. நான் பார்த்தவரையில் இதற்கு உருப்படியான வழி, சொல்லிக்கொடுப்பதையே விழாவாக்குவதுதான். ஐந்தாறு நாள், உள்ளூர் ஆசான்கள், உள்ளூர்ச் சாப்பாடு, கடைசி நாள் இரவு பிள்ளைகளே மேடையில், அதன் பிறகு வருடம் முழுக்க வாரம் ஒரு வகுப்பு.

இதைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு சாதாரண ஊரில் எப்படி நடத்தலாம், அதனால் ஊருக்குப் பணமாகவும் உறவாகவும் என்ன வந்தது என்று எப்படி எழுதி வைக்கலாம் என்பதைச் சொல்கிறேன். கணக்குப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். முதல் வருடம் ஆர்வத்திலேயே நடந்துவிடும். இரண்டாவது வருடம் நன்கொடை கேட்டுப் போகும்போது, ‘போன தடவை கொடுத்தோமே, என்ன ஆச்சு?’ என்று கேட்பார்கள், அப்போது கையில் நாலு போட்டோ மட்டும் இருந்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஸ்காட்லாந்தில் எப்படிச் செய்தார்கள்

இப்படிப்பட்ட விழாவை வருடக்கணக்காக நடத்திக்காட்டியவர்கள் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிக்காரர்கள். பாரா என்று ஒரு தீவு, சுமார் 1,200 பேர் வாழும் இடம், நம்மூர் ஒரு சின்ன பஞ்சாயத்து அளவுகூட இல்லை. அங்கே பாட்டும் இசையும் பெரியவர்களோடு போய்விடும் என்ற நிலைமை. பள்ளிக்கூடத்திலும் அவற்றைச் சொல்லிக்கொடுக்கவில்லை. 1981இல் ஊர்க்காரர்கள் சிலர், பங்குத்தந்தை ஒருவரும் சேர்ந்து, பிள்ளைகளுக்காக ஒரு பயிற்சி விழாவைத் தொடங்கினார்கள். அதை அவர்கள் ஃபேஷ் என்று சொல்கிறார்கள். மற்ற தீவுகளும் ஊர்களும் அதைப் பார்த்துத் தாங்களும் தொடங்க, 1988இல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஃபேஷன் நான் கேயல் என்ற தாய் அமைப்பு வந்தது. இன்றைக்கு 40க்கும் மேற்பட்ட ஊர்களில் ஃபேஷ் நடக்கிறது.

அவர்களிடம் ஏற்கெனவே போட்டி விழா ஒன்று இருந்தது, 1892இல் ஓபன் நகரத்தில் தொடங்கிய மோட். பரிசு, நடுவர், மதிப்பெண் எல்லாம் அதில் உண்டு. ஃபேஷில் இவை எதுவும் கிடையாது. வந்து கற்றுக்கொள், சேர்ந்து வாசி, அவ்வளவுதான். பாட்டு, பிடில், அக்கார்டியன், யாழ் போன்ற கிளார்சக், நடனம், நாடகம் என்று பகலில் வகுப்பு, மாலையில் கூடிப் பாடுவது. இசைக்கருவி வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்குக் கடன் தர ஒரு கருவி வங்கியும் வைத்திருக்கிறார்கள். பத்து வயதில் மாணவராக வந்தவர்கள் வளர்ந்தபின் ஆசிரியராகத் திரும்பி வருகிறார்கள்.

ஸ்காட்லாந்தில் கேலிக் பேசத் தெரிந்தவர்கள் 2011 கணக்கெடுப்பில் 57,375 பேர், 2022 கணக்கெடுப்பில் 69,701 பேர். அந்த ஏற்றம் முழுவதையும் ஃபேஷின் கணக்கில் எழுத முடியாது, கேலிக் வழிப் பள்ளிகள் 1985 முதல் வளர்ந்தன, 2005இல் தனிச் சட்டமும் வந்தது. ஆனால் பள்ளியில் படித்த மொழியை வெளியே வந்து பாடவும் பேசவும் ஒரு இடம் வேண்டுமே, அந்த இடத்தை ஃபேஷ் கொடுத்தது. இந்த விழாக்களால் ஊருக்கு எவ்வளவு பணம் வந்தது, எத்தனை பேர் தொழிலாக எடுத்தார்கள், ஊர் உறவு எப்படி மாறியது என்றும் அங்கே ஆய்வு செய்து எழுதி வைக்கிறார்கள், அதைக் காட்டித்தான் அரசிடமும் பணம் கேட்கிறார்கள். இந்தப் பழக்கம் நமக்கும் வேண்டும்.

எந்தக் கலை, எந்த ஆசான்

நம் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. வில்லுப்பாட்டு, களியல், நையாண்டி மேளம், கரகம், கணியான் கூத்து, தோல்பாவைக் கூத்து, அடிமுறை என்ற தற்காப்புக் கலை. எல்லாவற்றையும் முதல் வருடமே இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். மூன்று போதும். உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ ஆசான் இருக்கிற மூன்றைத் தேர்ந்தெடுங்கள். சென்னையிலிருந்து ஒரு பிரபலத்தைக் கூட்டிவந்தால் கூட்டம் சேரும், சரி, ஆனால் அவர் அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு வரமாட்டார்.

வில்லுப்பாட்டு கட்டாயம் ஒன்றாக இருக்கட்டும், ஏனென்றால் ஒரே குழுவில் விதவிதமான பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும். வில்லடித்துத் தலைமையாகப் பாட ஒருவர், குடம் ஒருவர், உடுக்கு ஒருவர், தாளம் ஒருவர், கட்டை ஒருவர், வலதுபுறமும் இடதுபுறமும் சேர்ந்து பாடுபவர்கள். குரல் நன்றாக இல்லாத பிள்ளைக்குக் குடம் இருக்கிறது, கூச்சப்படுகிற பிள்ளைக்கு ‘ஆமா’ போடும் வேலை இருக்கிறது. முதல் நாள் எல்லாரையும் ‘ஆமா’ போட மட்டும் விடுங்கள். புலவர், அதாவது தலைமைப் பாடகர், ஒரு வரி சொல்லி நிறுத்தும் இடத்தில் சரியாக விழுந்தால்தான் அந்த ‘ஆமா’வுக்கு உயிர், ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் கதை தள்ளாடும். அது பிடிபட்ட பிறகு தாளம், அதற்குப் பிறகுதான் வில்லின் நாணை அடிக்கும் வீசுகோல். பிள்ளைகள் வீசுகோலைக் கையில் வாங்கியதும் முட்டியை இறுக்கிப் பிடித்து நாணை ஓங்கி அடிப்பார்கள், சலங்கை எல்லாம் ஒரே இரைச்சலாகக் கொட்டும். விரல்களைத் தளர்த்தி, மணிக்கட்டை மட்டும் அசைத்து, கோல் நாணில் பட்டதும் தானே எழும்பும்படி விடச் சொல்லி ஆசான் ஒரு முறை கையைப் பிடித்துக் காட்டினால், சத்தம் உடனே மாறும். இதை எந்த வீடியோவைப் பார்த்தும் கற்றுக்கொள்ள முடியாது. ஆசானுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதே இதற்காகத்தான்.

களியலுக்கு ஒரு குத்துவிளக்கும் ஆளுக்கு இரண்டு கம்பும் போதும், நடுவில் விளக்கு, பக்கத்தில் ஆசான் நின்று பாட, பிள்ளைகள் சுற்றிவந்து கம்பு தட்டி ஆடுவார்கள். செலவு குறைவு, முப்பது பிள்ளைகளைக்கூட ஒன்றாகச் சமாளிக்கலாம். தோல்பாவைக்கு முதல் வருடம் தோல் வேண்டாம், கெட்டி அட்டையில் வெட்டி, கம்பு கட்டி, வெள்ளைத்துணிக்குப் பின்னால் விளக்கு வைத்து ஆட்டச் சொல்லுங்கள். அடிமுறையில் சுவடு (காலடி) வைப்பதோடு நிறுத்துங்கள், வர்மம் பக்கம் போகவே கூடாது, பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் யாரையும் சேர்க்கவும் கூடாது.

கணியான் கூத்தைப் பற்றித் தனியாக ஒன்று. அது ஒரு சமூகத்தாரின் வழிபாட்டோடு கலந்த கலை. மகுடம் என்ற அந்தக் கூத்துப் பறையின் அடவுகளையும் தாளத்தையும் சொல்லிக்கொடுக்கலாமா, யாருக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்பதை அந்தக் கலைஞர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். முதலில் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சடங்குப் பகுதியைப் பயிற்சி மேடைக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

பெண் பிள்ளைகளைக் கரகத்துக்கும் கும்மிக்கும் அனுப்பிவிட்டு, வில்லைப் பையன்களுக்கு ஒதுக்குகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கொட்டாரம் பக்கத்துப் பூங்கனி அம்மாள், 2018இல் மறைந்தவர், பெண்கள் வில்லின் முன்னால் உட்காருவது அரிதாக இருந்த காலத்திலேயே தலைமைப் பாடகியாக ஊர் ஊராகக் கோயில் கொடை விழாக்களில் பாடியவர். அவர் ஊர்க்காரர்கள் நாம். வில்லைப் பெண் பிள்ளையின் கையில் முதல் நாளே கொடுங்கள்.

எப்போது, எங்கே

மே மாத விடுமுறைதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். பிள்ளைகளுக்கு வசதிதான், ஆனால் ஆசான்களுக்குச் சிரமம். பங்குனி சித்திரை தொடங்கி ஆவணி வரை பெரும்பாலும் கொடைக் காலம். விடிய விடியப் பாடிவிட்டுக் காலை ஒன்பது மணிக்கு வந்து சொல்லிக்கொடு என்று கேட்பது நியாயமில்லை, கொடையை விட்டுவிட்டு வா என்று கேட்பது அதைவிட நியாயமில்லை, அவருடைய வருட வருமானமே அதில்தான் இருக்கிறது. டிசம்பர் என்றால் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பாதி ஊர் வேறு வேலையில் இருக்கும்.

எனக்குச் சரியாகப் படுவது காலாண்டு விடுமுறை. செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம். கொடைகள் ஓய்ந்திருக்கும், வடகிழக்குப் பருவமழை இன்னும் பிடித்திருக்காது, புரட்டாசியில் கல்யாணங்கள் குறைவு என்பதால் மண்டபமும் பாத்திரமும் சமையல்காரரும் மலிவாகக் கிடைப்பார்கள். அந்தச் சமயத்தில் நவராத்திரியும் வரும். விஜயதசமியன்று புதிதாக ஒன்றைக் கற்கத் தொடங்குவது நம் வழக்கம், வாரந்திர வகுப்பை அன்றைக்குத் தொடங்கினால் வீடுகளில் யாரும் மறுக்கமாட்டார்கள். ஒன்றைக் கவனியுங்கள், பத்மநாபபுரம் சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் எழுந்தருளும் நாட்களில் உங்கள் ஊர் அந்தச் சாலையில் இருந்தால் தொடக்க நாளை மாற்றிக்கொள்ளுங்கள்.

இடம் பொதுவாக இருக்க வேண்டும். கோயில் வளாகத்தில் வைத்தால் சில பிள்ளைகள் வரமாட்டார்கள், தேவாலய மண்டபத்தில் வைத்தால் வேறு சிலர் வரமாட்டார்கள். அரசுப் பள்ளி அல்லது பேரூராட்சியின் சமுதாய நலக்கூடம் நல்லது. பள்ளி என்றால் தலைமையாசிரியரிடம் வாயால் கேட்டது போதாது, கல்வித்துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், இரண்டு மாதம் முன்னதாகவே. கதையிலும் இதே கவனம் வேண்டும். முத்தாரம்மன் கதையும் சுடலைமாடன் கதையும் வில்லில் பாடப்படுவதைப் போல, தேவசகாயம் பிள்ளை கதையையும் வில்லில் பாடுகிறார்கள். நட்டாலத்தில் பிறந்து 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டவர், 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர். பயிற்சிக்குப் பிள்ளைகளே ஊர்க் கதை ஒன்றைக் கட்டட்டும். குளம் வெட்டிய கதை, பள்ளிக்கூடம் வந்த கதை, கடலுக்குப் போன தாத்தா கதை. வீட்டில் போய்க் கேட்டு வரச் சொன்னால் பாட்டிமார் முதல் முறையாகப் பேரப்பிள்ளைகளுக்கு முழுக்கதை சொல்வார்கள்.

பணம்: எங்கிருந்து வாங்குவது, எங்கே செலவழிப்பது

கணக்கு புரிவதற்காக ஒரு மாதிரி போடுகிறேன். 60 பிள்ளைகள், 7 ஆசான்கள், 6 நாள். தொகைகளை உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆசான் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 1,500 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 63,000. சாப்பாடு, தொண்டர்களையும் சேர்த்து 85 பேர், ஆளுக்கு 80 ரூபாய், 6 நாளைக்கு 40,800. கருவிகளுக்கு 25,000. கடைசி இரவு ஒலி, ஒளி 15,000. அச்சு, பயணம், முதலுதவி போன்ற சில்லறைகளுக்கு 12,000. ஆக 1,55,800 ரூபாய்.

வரவில், பிள்ளை ஒன்றுக்கு 500 ரூபாய் கட்டணம் வைத்தால் 30,000. கட்டணமே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை, கொஞ்சமாவது கட்டினால்தான் ஆறு நாளும் அனுப்புவார்கள். கட்ட முடியாத வீட்டுக்கு வேறொருவர் கட்டட்டும், யார் கட்டினார் யாருக்குக் கட்டினார் என்பது பொறுப்பாளர் ஒருவரைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது. மீதி 1,25,800 நன்கொடை. ஊரிலேயே கடைக்காரர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சங்கங்களிடம் 55,800 திரட்டுங்கள், வளைகுடாவிலும் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற ஊர்க்காரர்களிடம் 70,000. ஊர் வாட்ஸ்அப் குழுவில் ‘நிதி தேவை’ என்று மொட்டையாகப் போட்டால் பத்துப் பேர் கைகூப்புவார்கள், ஒருவரும் அனுப்பமாட்டார். ‘ஒரு ஆசானுக்கு ஒரு நாள், 1,500 ரூபாய்’, ‘ஒரு பிள்ளைக்கு ஆறு நாள் சாப்பாடு, 480 ரூபாய்’ என்று துண்டு துண்டாகக் கேளுங்கள்.

அரசுப் பக்கம், கலை பண்பாட்டுத் துறை, அதன் கீழ் இயங்கும் ஜவகர் சிறுவர் மன்றம், சென்னையில் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் ஆகியவற்றுக்கு எழுதலாம். அந்தப் பணம் வரட்டும் என்று விழாவைத் தள்ளிப்போடாதீர்கள், வந்தால் அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இன்னொரு வேலையையும் இதோடு சேர்த்துச் செய்யுங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதியாத கலைஞர்கள் இன்னமும் இருக்கிறார்கள். விழா நடக்கும் இடத்தில் ஒரு மேசை போட்டு, படித்த இரண்டு இளைஞர்களை உட்கார வைத்து, வருகிற கலைஞர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொடுங்கள். மாவட்டக் கலை மன்ற விருதுகளுக்கும் அப்படியே. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கலை இளமணி, அதற்குமேல் வயதுவாரியாகக் கலை வளர்மணி, கலைச்சுடர்மணி, கலைநன்மணி, கலைமுதுமணி என்று உண்டு, விண்ணப்பிக்கத் தெரியாமலேயே பலர் இருந்துவிடுகிறார்கள்.

செலவில் ஒரே விதிதான், உள்ளூரில் கிடைப்பதை வெளியே வாங்காதீர்கள். மதியத்துக்கு மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கும் மீன்கறியும், மீன் சாப்பிடாதவர்களுக்குப் பயறு, நடுவில் மட்டி வாழைப்பழம், மாலையில் கருப்பட்டிக் காப்பி. மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதைத் தோட்டக்காரரிடமே குலையாக வாங்கினால் அவருக்கும் நல்ல விலை, நமக்கும் மிச்சம். குடத்தை மண்பாண்டம் செய்பவரிடம் சொல்லிச் செய்யுங்கள். பயிற்சிக் குடம் உடையும், கண்டிப்பாக உடையும், மூன்றாவது நாளே ஒன்று போகும், அதனால் இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள். மேடை மாலைக்குத் தோவாளைப் பூ. ஆசானுக்கு மாலை போட்டு மரியாதை செய்யுங்கள், ஆனால் சம்பளத்தை அன்றன்று மாலையே கையில் கொடுத்துவிடுங்கள்.

பிள்ளைகள் பாதுகாப்பு

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் ஒன்றையும் விடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் கையெழுத்து, இரண்டு கைபேசி எண்கள், ஒவ்வாமையோ மருந்தோ உண்டா என்ற குறிப்பு. எந்த வகுப்பிலும் ஒரு ஆசான் மட்டும் தனியாக இருக்கக்கூடாது, கூடவே ஒரு தொண்டர், பெண் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒரு பெண். யார் கொண்டுவிட்டார், யார் கூட்டிப்போனார் என்று காலையும் மாலையும் பதிவு. பெற்றோர் சம்மதிக்காத பிள்ளையின் படம் எந்தக் குழுவிலும் போகக்கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

ஊருக்கு எவ்வளவு பணம் வந்தது

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு செலவுக்கும் நேராக மூன்று கட்டம்: ஊருக்குள் போனதா, மாவட்டத்துக்குள் போனதா, வெளியே போனதா. பில் வாங்கும்போதே எழுதிவிட வேண்டும், கடைசியில் உட்கார்ந்து எழுதினால் பாதி மறந்துபோகும்.

மேலே சொன்ன மாதிரியில், ஊரையும் மாவட்டத்தையும் சேர்த்துப் பார்ப்போம். 7 ஆசான்களில் 6 பேர் மாவட்டத்துக்காரர்கள் என்றால் 54,000 இங்கேயே நிற்கிறது. சாப்பாட்டுச் செலவில் கிழங்கு, மீன், பழம், தேங்காய், சமையல் கூலி சேர்ந்து 30,000 இங்கே, எண்ணெய், எரிவாயு, பாக்கெட் சாமான்கள் 10,800 வெளியே. கருவிகளில் குடம், வில், களியல் கம்பு வகையில் 10,000 இங்கே, மீதி வெளியே. ஒலி, ஒளிக்காரர் உள்ளூர்க்காரர், 15,000 முழுவதும் இங்கே. சில்லறையில் 6,000 இங்கே. கூட்டினால் 1,15,000. மொத்தச் செலவில் ஏறக்குறைய 74 சதவீதம். ‘நீங்கள் கொடுத்த நூறு ரூபாயில் எழுபத்துநாலு ரூபாய் நம் மாவட்டத்து ஆட்களின் கைக்குத்தான் போயிருக்கிறது’ என்று ஒரு கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், அவர் பேசுகிற விதமே மாறும்.

இதிலேயே திருப்திப்பட்டுவிடாமல் இன்னும் ஒரு படி நேர்மையாகக் கணக்குப் பார்க்க வேண்டும். ஊர்க்காரர் கொடுத்த 55,800 ரூபாயும் பெற்றோர் கட்டிய 30,000 ரூபாயும் விழா நடக்காவிட்டாலும் ஏதோ ஒரு வழியில் இந்த ஊரில்தான் செலவாகியிருக்கும், சட்டை வாங்கியிருப்பார்கள், சினிமாவுக்குப் போயிருப்பார்கள். வெளியூரிலிருந்து வந்த 70,000 மட்டும்தான் இந்த விழா இல்லாமல் இங்கே வந்திருக்காத பணம். அதைத் தனி வரியாக எழுதுங்கள். கடைசி இரவுக்கு வெளியூரிலிருந்து வந்தவர்கள் எவ்வளவு செலவழித்தார்கள் என்பதையும் சேர்க்கலாம், வாசலில் இரண்டு கல்லூரி மாணவர்களை நிறுத்தி ‘எந்த ஊர், இதற்காகவே வந்தீர்களா, கடையில் என்ன செலவு செய்தீர்கள்’ என்று மூன்று கேள்வி கேட்டால் போதும். கன்னியாகுமரிக்குச் சூரிய உதயம் பார்க்க வந்துவிட்டு வழியில் எட்டிப்பார்த்தவரின் லாட்ஜ் வாடகையை நம் கணக்கில் எழுதாதீர்கள், அவர் எப்படியும் வந்திருப்பார்.

ஒரு ரூபாய் ஊருக்குள் சுற்றி மூன்று ரூபாய் ஆகிறது, நாலு ரூபாய் ஆகிறது என்று எங்கிருந்தோ எடுத்த பெருக்கல் கணக்கைச் சிலர் அறிக்கையில் போடுவார்கள். பொருளாதாரத்தில் அப்படியொரு கருத்து இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஒரு சின்ன ஊரில் பணம் கைக்கு வந்த இரண்டாவது நாளே நாகர்கோவில் கடைக்கும் ஆன்லைனுக்கும் போய்விடுகிறது, நாமாக அளக்காத எண்ணை நாம் எழுதக்கூடாது. அளந்ததை மட்டும் எழுதுங்கள், அதுவே போதுமான அளவுக்கு நன்றாக இருக்கும்.

தொண்டர்களின் உழைப்பையும் எழுத வேண்டும். 18 பேர், நாளைக்கு 4 மணி நேரம், 6 நாள் என்றால் 432 மணி நேரம், எட்டு மணி நேர வேலை நாளாகப் பார்த்தால் 54 நாள் கூலி. நாள் கூலி 600 என்று வைத்தால் 32,400 ரூபாய் மதிப்பு. இதை ரொக்கத்தோடு கூட்டிவிடாதீர்கள், தனியாகக் காட்டுங்கள், அது ஊர் தன் கையால் போட்ட பங்கு.

ஆனால் பெரிய வரவு வருவது விழா முடிந்த பிறகுதான். விழாவில் சேர்ந்த 60 பேரில் 20 பேர் வாரந்திர வகுப்புக்கு மாதம் 200 ரூபாய் கொடுத்து வந்தால், மாதம் 4,000, வருடத்தில் பத்து மாதம் நடந்தால் 40,000 ரூபாய். கொடை இல்லாத மாதங்களில் கையில் காசில்லாமல் கூலி வேலைக்குப் போகிற புலவருக்கு அது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். மேடையில் ஒரு இரவு பாடவைத்தால் அவருக்கு ஒரு இரவு வருமானம், வகுப்பு வைத்தால் வருடம் முழுக்க வருமானம், கூடவே பத்து வருடம் கழித்து அவர் பாட்டைக் கேட்டு ரசிக்கத் தெரிந்த ஒரு கூட்டம். விழாவின் பொருளாதாரம் என்று ஒன்று இருந்தால் அது இதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். நோட்டில் இந்த வகுப்புக்காகத் தனிப் பக்கம் போட்டு மாதா மாதம் எழுதுங்கள்.

பணத்தில் வராததை எப்படி எழுதுவது

இங்கேதான் பலர் ‘ஒற்றுமை வளர்ந்தது, பண்பாடு காக்கப்பட்டது’ என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். அதை யாரும் நம்பமாட்டார்கள். கேள்வி கேட்டு, பதிலை எழுதி வைக்க வேண்டும். முதல் நாள், கடைசி நாள், ஆறு மாதம் கழித்து, மூன்று முறையும் அதே கேள்விகள்.

பிள்ளையிடம்: உனக்கு எத்தனை நாட்டுப்பாட்டு தெரியும், யாரிடம் கற்றாய்? பக்கத்துத் தெருவில் உனக்குப் பேர் தெரிந்த எத்தனை பிள்ளைகள்? நூறு பேர் முன்னால் பாடச் சொன்னால் பாடுவாயா? பெற்றோரிடம்: வீட்டில் பெரியவர்கள் பிள்ளையோடு சேர்ந்து பாடுவதுண்டா? இந்தக் கலையைத் தொழிலாக எடுக்க அனுமதிப்பீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு முதல் நாள் பெரும்பாலும் ‘ஐயோ, வேண்டாம்’ என்றுதான் வரும். ஆறு மாதம் கழித்து ‘படிப்போடு சேர்த்துச் செய்யட்டும்’ என்று பத்துப் பேர் மாற்றிச் சொன்னால் அது பெரிய விஷயம், அப்படியே எழுதுங்கள். ஆசானிடம்: உங்கள் பாட்டில் எத்தனை கதை இந்தப் பிள்ளைகளிடம் போயிருக்கிறது? விழாவுக்குப் பிறகு புதிதாக எத்தனை அழைப்பு வந்தது?

வருகைப் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருந்தால் அதிலிருந்தே நிறையத் தெரியும். ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்தத் தெரு, எந்தப் பள்ளி, ஆறு நாளும் வந்தவர் எத்தனை, பாதியில் நின்றவர் யார். பாதியில் நின்ற பிள்ளைகள் எல்லாரும் ஒரே தெருவாக இருந்தால், அந்தத் தெருவுக்கு இந்த விழா தங்களுடையது என்று தோன்றவில்லை என்று அர்த்தம். அதை மறைக்காமல் குழுவில் பேசி, அடுத்த வருடக் குழுவில் அந்தத் தெருவிலிருந்து இரண்டு பேரைச் சேருங்கள். சாப்பாட்டுப் பந்தியையும் கவனியுங்கள், முதல் நாள் யார் யாரோடு உட்காருகிறார்கள், ஐந்தாவது நாள் யாரோடு. எந்த எண்ணையும்விட அது அதிகம் சொல்லும், ஒரு தொண்டரை நியமித்து அதை எழுதச் சொல்லுங்கள்.

பெரிய பேர்களையும் சொல்லலாம், தவறில்லை. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டைப் பொதுமேடைக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர், அந்த மண் இது என்று சொன்னால் நன்கொடையாளர் நிமிர்ந்து உட்காருவார். ஆனால் அவரோடு சேர்த்து, ‘போன வருடம் வாய் திறக்காத ஏழாம் வகுப்புப் பிள்ளை இந்த வருடம் பள்ளிக் கலைத் திருவிழாவில் வில்லடித்தது’ என்று ஒரு வரி இருந்தால்தான் பணம் வரும்.

விழா முடிந்த பின்

ஒரு வாரத்துக்குள் வரவு செலவை நாலு பக்கத்தில் எழுதி, பொதுவில் வாசித்து, நன்கொடை கொடுத்த எல்லாருக்கும் அனுப்புங்கள். மீதி இருந்தால் மீதி, கடன் இருந்தால் கடன். கருவிகள் எல்லாவற்றுக்கும் எண் போட்டு ஒரு பதிவேடு திறந்து, பிள்ளைகளுக்கு மூன்று மாதக் கடனாகக் கொடுங்கள், பெற்றோர் கையெழுத்தோடு. உடைந்தால் பணம் கேட்காதீர்கள், உடைந்த கருவியைத் திருப்பிக் கொண்டுவந்தால் போதும் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் பயந்துகொண்டு அலமாரியிலேயே வைத்துவிடுவார்கள்.

நன்றாகக் கற்றுக்கொள்கிற பெரிய பிள்ளைகள் நாலைந்து பேரை அடுத்த விழாவுக்குத் துணை ஆசானாக எடுத்து, சிறு தொகையாவது சம்பளம் கொடுங்கள். பக்கத்து ஊர்களில் இதேபோல் தொடங்க நினைப்பவர்கள் வந்து பார்க்கட்டும். நோட்டுப் புத்தகத்தையும் கேள்வித்தாளையும் அவர்களுக்கு நகல் எடுத்துக் கொடுங்கள். விளவங்கோட்டில் ஒன்று, கல்குளத்தில் ஒன்று, தோவாளையில் ஒன்று, அகஸ்தீஸ்வரத்தில் ஒன்று என்று நாலு ஊர் சேர்ந்தாலே ஒலிபெருக்கி, கருவிகள், தோல்பாவை விளக்கு எல்லாம் பொதுவில் வாங்கி மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். தேதிகளை மட்டும் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் ஜூன் மாதமே உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள், ஆசான்கள் நாலு ஊருக்கும் அதே ஆட்கள்தான்.